ஒராங்கியின் சாக்கடை: மக்கள் போட்டது எது, அரசு போட வேண்டியது எது

கேள்வி இதுதான்: கராச்சியில் ஒராங்கி என்ற இடத்தில் ஏழை மக்களே வீடு கட்டிக்கொண்டு, கைக்காசு போட்டுப் பாதாளச் சாக்கடையும் அமைத்துக்கொண்டார்களாம். உண்மையா? உண்மையென்றால், நம் ஊரில் குடிசைகளை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டித் தருவதற்குப் பதில் இதையே செய்யலாமே?

உண்மைதான். ஆனால் கதை வாய் மாறி வாய் மாறி வரும்போது பாதி உதிர்ந்துவிட்டது. 'அரசே இல்லாமல் சாதித்துக் காட்டினார்கள்' என்ற பாதிதான் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒராங்கியில் வேலை செய்தவர்கள் அப்படிச் சொன்னதே இல்லை. எதை மக்கள் செய்துகொள்ள முடியும், எதை அவர்கள் தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாது என்று கோடு கிழித்ததுதான் அவர்களுடைய வேலை. அந்தக் கோட்டை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் பயனில்லை.

முதலில் இடம். ஒராங்கி கராச்சியின் வடமேற்கே, மொட்டைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. 1960-களில் அரசே ஒரு பகுதியை மனை பிரித்துக் கொடுத்தது. 1971-ல் வங்கதேசம் பிரிந்தபின் அங்கிருந்து வந்த பிகாரி முஸ்லிம்கள் பெருங்கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். பட்டாணியர், பஞ்சாபியர், இந்தியாவிலிருந்து முன்பே வந்திருந்த முஹாஜிர்கள் என எல்லோரும் கலந்த ஊர். இன்று மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல்.

அரசு பிரித்த மனைகள் கொஞ்சம்தான். மிச்ச நிலம் முழுக்க அரசுப் புறம்போக்கு. அதை விற்றவர்கள் தரகர்கள். காவல்துறைக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் மாமூல் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, 120 சதுர கஜ மனைகளாக விற்றார்கள். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட், அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் காகிதம்தான் பத்திரம். வாங்கியவர்களுக்கு ஆரம்பத்தில் தண்ணீர் லாரி ஏற்பாடு செய்ததும் தரகரே.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தரகர் அரசாங்க மனைப்பிரிவைப் பார்த்துக் காப்பியடித்தவர். அப்படிச் செய்தால்தான் நாளைக்கு 'லீஸ்', அதாவது அரசு தரும் நீண்டகாலக் குத்தகை உரிமை, கிடைக்கும், விலையும் ஏறும். அதனால் சந்துகள் நேர்க்கோட்டில் அமைந்தன. பிற்பாடு குழாய் பதிக்க வந்த பொறியாளர்களுக்கு இது பெரிய வரம். சட்டவிரோதமாக நிலம் விற்றவரின் புண்ணியத்தில் சாக்கடை சுலபமானது என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனால் நடந்தது அதுதான்.

வீடு எப்படி எழும்பியது? முதலில் பாய்த் தட்டி, மேலே கிடைத்த சாக்குத் துணி. இடிக்க ஆள் வருகிறதா என்று சில காலம் பார்ப்பார்கள். வரவில்லை என்றதும் கான்கிரீட் கல். இங்கேதான் 'தல்லா' வருகிறது. தல்லா என்றால் ஒவ்வொரு பேட்டையிலும் தெருமுனையில் இருக்கும் கல் அறுக்கும் பட்டறை: மணல், ஜல்லிப்பொடி, சிமென்ட், இரும்பு அச்சு, வெயிலில் வரிசையாகக் காயும் கற்கள். தல்லாக்காரர் கல்லை மட்டும் விற்பதில்லை. கடனுக்குக் கொடுப்பார், கொத்தனாரைப் பிடித்துத் தருவார், சுவர் எவ்வளவு அகலம், கூரைக்கு எந்தத் தகடு என்று யோசனையும் சொல்வார். வங்கி, மேஸ்திரி, இன்ஜினியர் மூன்றும் அவரே. மாதச் சம்பளமோ நிலப் பத்திரமோ இல்லாதவருக்கு எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது. தல்லாக்காரர் தருவார், ஏனென்றால் வாங்கியவர் குடியிருப்பது இரண்டு சந்து தள்ளித்தான். பணம் வரும்போது ஒரு சுவர், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானால் இன்னொரு அறை, சவூதியிலிருந்து பணம் வந்தால் மேல்தளம். இப்படிக் கட்டும் வீட்டுக்கு முடிவு தேதி கிடையாது.

குறைகளும் உண்டு. மேலே ஒரு மாடி வரும் என்று யோசிக்காமல் அடித்தளம் போட்டிருப்பார்கள். கையால் இடித்துச் செய்த கல் சரியாக நனைக்காமல் காய்ந்திருக்கும், அழுத்தினால் பொடியும். காற்றோட்டம் மோசம், தகரக் கூரையின் கீழ் கோடையில் இருக்க முடியாது. 1980-களின் பிற்பகுதியில், சாக்கடை வேலைக்குப் பின்னால் இருந்த ஒராங்கி பைலட் திட்டம் என்ற தன்னார்வ அமைப்பு இதற்கென்று ஒரு வேலை செய்தது. வீடு கட்டித் தரவில்லை. தல்லாக்காரர்களுக்குக் கல் செய்யும் இயந்திரத்தைக் கடனாகக் கொடுத்து, கலவை விகிதத்தையும் நீராற்றும் முறையையும் கற்றுக் கொடுத்தது. கிட்டத்தட்ட பழைய விலையிலேயே பல மடங்கு உறுதியான கல் சந்தைக்கு வந்தது. ஒரு பட்டறையைத் திருத்தினால் அந்தப் பேட்டையில் இனி எழும் வீடுகள் எல்லாம் திருந்தும் என்பது கணக்கு. வீட்டுவசதித் துறையில் நான் அறிந்தவற்றில் மிகக் கெட்டிக்காரத்தனமான தலையீடு என்று இதைத்தான் சொல்வேன். சாக்கடைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

சரி, சாக்கடைக்கு வருவோம். 1980-ல் பி.சி.சி.ஐ. வங்கியின் தலைவர் ஆகா ஹசன் அபேதியின் அழைப்பில் அக்தர் ஹமீது கான் ஒராங்கிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 65. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, வங்கப் பஞ்சத்தைக் கண்டபின் அந்த வேலையை உதறியவர். அலிகர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாகக் கூட இருந்து பார்த்தவர். பிறகு கிழக்கு பாகிஸ்தானின் கொமிலாவில் கிராமக் கூட்டுறவு இயக்கத்தை நடத்தி, 1963-ல் மகசேசே விருது பெற்றவர். ஒராங்கிக்கு வந்த மனிதர் எடுத்தவுடன் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்து பேசிக்கொண்டிருந்தார்.

வாளிக் கழிப்பறை, உறிஞ்சு குழி, சந்தில் தேங்கிய கழிவுநீர் என்பதுதான் அன்றைய நிலை. குழி நிரம்பினால் சுவரடி ஊறி வீடே கெடும். கழிவுநீரைத் தெருவில் விடுவதால் அண்டை வீட்டாருடன் தினமும் சண்டை. சேமித்துக் கட்டிய வீடு கண்முன் ஊறிப்போகிறதே என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. பிறகு ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை? நான்கு தடைகள் என்றார் கான். இது அரசு இலவசமாகச் செய்ய வேண்டியது என்ற மனத்தடை. செலவு கட்டுப்படியாகாது என்ற பணத்தடை. குழாய் பதிக்கும் நுட்பம் தெரியாதது. கூட்டாகச் செய்ய அமைப்பு இல்லாதது. நான்கில் மூன்றாவதைத் தவிர மற்றவை பொறியியல் கல்லூரியில் பாடமாக வராது.

அமைப்புக்கு அவர் எடுத்த அலகு சந்து. இருபது முப்பது வீடுகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பேட்டை முழுவதற்கும் ஒரு சங்கம் என்றால் தலைவர் வருவார், கட்சி வரும், பணம் எங்கே என்ற கேள்வி வரும். சந்துக்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதன்பின், கான் தொடங்கிய ஒராங்கி பைலட் திட்டத்தின் ஆட்கள் வந்து அளவெடுத்து, மட்டம் பார்த்து, வரைபடமும் செலவுக் கணக்கும் தருவார்கள். கருவிகளை இரவல் கொடுப்பார்கள். பணம் வசூலிப்பது, சாமான் வாங்குவது, ஆள் பிடிப்பது எல்லாம் சந்தின் பொறுப்பு. திட்டம் ஒரு பைசாவைக் கையில் தொடாது. இந்த விதியில் கான் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்.

செலவு எப்படிக் குறைந்தது என்பதில்தான் கைவேலை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் லாபமும் அதிகாரிக்கான பங்கும் போய்விட்டன. சந்தில் கனரக வண்டி வராது, அதனால் குழாயை ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. மேன்ஹோலைச் செங்கல்லில் கட்டாமல், இரும்பு அச்சு வைத்து அந்த இடத்திலேயே கான்கிரீட்டில் வார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறைக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவே ஒரு சின்னத் தொட்டி. திடக்கழிவு அதில் தங்கிவிடும், நீர் மட்டும் குழாய்க்குப் போகும், அடைப்பு குறையும். ஒரு வீட்டுக்கு, கழிப்பறையும் சேர்த்து, 1980-களின் பாகிஸ்தான் ரூபாயில் ஏறக்குறைய ஆயிரம் ஆனது. அரசு மதிப்பீடு இதைவிடப் பல மடங்கு. முதல் சில சந்துகளுக்கு ஆட்களைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. அவை காய்ந்து சுத்தமானதைப் பக்கத்துச் சந்துக்காரர்கள் பார்த்தபின் விண்ணப்பங்கள் தாமாகவே வந்தன. காலப்போக்கில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீடுகள் இப்படி இணைந்தன.

இப்போது அந்தக் கோடு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், பல சந்துகளைச் சேர்க்கும் துணைக் குழாய் ஆகிய மூன்றும் 'உள்' வேலை, மக்கள் செய்வார்கள். முதன்மைச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் 'வெளி' வேலை, அரசு செய்ய வேண்டும். இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து மைல்கணக்கில் பெருங்குழாய் போட முடியாது. அது யார் நிலத்தின் வழியாகப் போகும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை.

மக்கள் தங்கள் பங்கை முடித்தார்கள். அரசின் பங்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. அதுவரை குழாய்கள் அருகிலிருந்த ஓடைகளில் கொட்டின. 'சாக்கடையை வாசலிலிருந்து ஓடைக்கு மாற்றினீர்கள், அவ்வளவுதானே' என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கராச்சியின் வசதியான பகுதிகளின் கழிவுநீரும் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல்தான் கடலுக்குப் போகிறது. ஏழைகளிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

இந்த இடத்தில் பர்வீன் ரஹ்மானைச் சொல்ல வேண்டும். கட்டிடக் கலை படித்தவர், 1980-களில் திட்டத்தில் சேர்ந்து அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானவர். உள்ளூர் இளைஞர்களுக்கு அளவெடுக்கவும் வரையவும் பயிற்சி கொடுத்து, குடியிருப்புகளையும் ஓடைகளையும் வரைபடமாக்கினார். அதில் தெரிந்தது: கராச்சியின் கழிவுநீர் ஏற்கெனவே இயற்கை ஓடைகளின் வழியாகத்தான் ஓடுகிறது, திட்ட ஆலோசகர்கள் காகிதத்தில் வரைந்த புது வழியில் ஓடவில்லை. எனவே அந்த ஓடைகளையே கான்கிரீட் பெட்டிக் கால்வாயாக மாற்றி, கடைசியில் சுத்திகரிப்பு வைத்தால் செலவு வெகுவாகக் குறையும் என்று வாதிட்டார்கள். 1990-களின் இறுதியில் கோரங்கிப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வரவிருந்த பெரிய கழிவுநீர்த் திட்டம் இந்தத் தரவுகளின் வலுவில் எதிர்க்கப்பட்டு, கடனே கைவிடப்பட்டது. வரைபடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்த இடத்தில் குழாயை உடைத்துத் தண்ணீர் திருடி லாரியில் விற்கிறார்கள், எந்தக் கிராம நிலம் யார் கைக்குப் போகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். 2013 மார்ச் 13 அன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பர்வீனைச் சுட்டுக் கொன்றார்கள்.

நிலம்தான் இந்தக் கதையின் பலவீனமான இடம். சாக்கடை போட்டால் நிலம் சொந்தமாகிவிடாது. சிந்து மாகாணத்தில் 1987-ல் 'கச்சி ஆபாதி' ஆணையம், அதாவது அனுமதியற்ற குடியிருப்புகளை முறைப்படுத்தும் அமைப்பு, சட்டப்படி உருவானது. பலருக்கு 99 ஆண்டு லீஸும் கிடைத்தது. ஆனால் 2020 ஆகஸ்டில் கராச்சி வெள்ளத்தில் மூழ்கியபின், ஓடை ஆக்கிரமிப்புதான் காரணம் என்று முடிவு செய்து, நீதிமன்ற உத்தரவின் கீழ் குஜ்ஜர் ஓடை, ஒராங்கி ஓடை ஓரமாக ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். லீஸ் வைத்திருந்தவர்களின் வீடுகளும் அதில் போயின. சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நிலத்தை முன்கூட்டியே ஒழுங்காகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சிந்துவில் ஓர் உதாரணம் உண்டு: ஹைதராபாத் நகர வளர்ச்சி ஆணையம் 1986-ல் தொடங்கிய 'குதா கி பஸ்தி'. சாதாரணமாக ஏழைகளுக்கு மனை ஒதுக்கினால் என்ன நடக்கும்? விண்ணப்பம், ரசீது, குலுக்கல், கடைசியில் மனை ஏழையல்லாதவர் கையில், பல ஆண்டு காலி இடமாகக் கிடக்கும். தஸ்னீம் சித்திகி என்ற அதிகாரி சட்டவிரோதத் தரகரின் முறையையே எடுத்துக்கொண்டார். மனை வேண்டுமா? மூட்டை முடிச்சு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து முதலில் முகாமில் தங்கு. தங்கிக் காட்டினால் 80 சதுர கஜ மனை. முன்பணம் சொற்பம், மிச்சம் மாதத் தவணை. வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கெடுபிடி இல்லை, பாய்த் தட்டி போதும். குடியிருக்காவிட்டால் மனை ரத்து. ஆரம்பத்தில் தண்ணீர் பொதுக் குழாயில், சாக்கடை வசதி பின்னால், மக்கள் பணம் கட்டக் கட்ட. நிலத்தை முதலீடாகப் பார்ப்பவர் வெயிலில் குடும்பத்தோடு முகாமில் உட்கார மாட்டார், அவ்வளவுதான் சூட்சுமம். 1995-ல் கட்டிடக் கலைக்கான ஆகா கான் விருது இதற்குக் கிடைத்தது. கட்டிடம் என்று காட்ட அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னைக்கு இதெல்லாம் அந்நியமில்லை. 1977 முதல் உலக வங்கிக் கடனில் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து, வீட்டை மக்களிடமே விட்டார்கள். பின்னர் முகப்பேரிலும் அப்படியே. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் திட்டம் என்று ஒன்று இருந்ததே தெரியாது, சாதாரண நடுத்தரக் குடியிருப்புகளாக இருக்கின்றன. அதே காலத்தில் இருந்த இடத்திலேயே குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் நில உரிமையும் கொடுக்கும் வேலையும் நடந்தது. பிறகு காற்று மாறியது. 2000 முதல் ஊருக்கு வெளியே குடியமர்த்தல்: கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரின் ஆரம்ப வீடுகள் 195 சதுர அடி. ஒராங்கியின் தரகர் விற்ற மனை 1,080 சதுர அடி. பெரும்பாக்கத்தில் வீடு கொஞ்சம் பெரிது, ஆனால் எட்டு அடுக்கு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அறை சேர்க்க முடியாது, வாசலில் இட்லிக் கடை போட முடியாது, லிஃப்ட் நின்றால் தண்ணீர்க் குடம் தோளில்தான். வேலையோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பழைய இடத்தில்.

இங்கே தலைகீழாக ஒன்று நடக்கிறது. குடும்பம் தானே செய்துகொள்ளக்கூடிய ஒரே விஷயமான வீட்டை அரசு செய்து தருகிறது. குடும்பத்தால் ஒருபோதும் உண்டாக்க முடியாத நகருக்குள்ளான இடத்தை அதற்கு விலையாக வாங்கிக்கொள்கிறது. என் மனக்குறை அடுக்குமாடி மேல் இல்லை. நகருக்குள் இடம் நெருக்கடியாக இருந்தால், அதே இடத்தில் மாடி கட்டுவதைத் தவிர வழியில்லாத பேட்டைகள் உண்டு. தூரம்தான் பிரச்சினை.

இலங்கையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1984-89 பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில் கொழும்பில் 'தோட்டம்' எனப்படும் ஏழைக் குடியிருப்புகளில் வடிகால், கிணறு, பாதை போன்ற சிறு வேலைகளை ஒப்பந்தக்காரருக்குத் தராமல், அங்குள்ள மக்கள் மன்றத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். பணம் அரசுடையது, வேலை மக்களுடையது. ஒராங்கியின் விதியிலிருந்து இது மாறுபட்டது, ஆனாலும் நம் மாநகராட்சிகளுக்கு இதுவே சுலபமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, 'நம் ஊரிலும் இதையே செய்யலாமே' என்பதற்கு. ஒராங்கி குன்றுச் சரிவு. கழிவுநீர் தானாக இறங்கும், ஓடை பக்கத்திலேயே. சென்னை தட்டையான ஊர். ஆறங்குலக் குழாய்க்குத் தோராயமாகப் பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு வேண்டும் என்று வைத்தால், முந்நூறு அடிச் சந்தின் முடிவில் குழாய் இரண்டரை அடி இறங்கியிருக்கும். அடுத்த தெருவில் இன்னும் இறங்கும். கொஞ்ச தூரத்திலேயே ஆளுயரத்துக்கு மேல் தோண்ட வேண்டும், நிலத்தடி நீர் வந்துவிடும், அதன்பின் பம்பிங் நிலையம் இல்லாமல் நகராது. சென்னையின் கழிவுநீர் முழுக்கப் பம்பிங் நிலையங்களை நம்பித்தான் ஓடுகிறது. அதாவது இங்கே 'வெளி' வேலை சீக்கிரமே தொடங்கிவிடுகிறது, மக்கள் செய்யக்கூடிய பங்கு சுருங்குகிறது. மதுரை, சேலம் புறநகர்களில் சரிவுள்ள இடங்களில் கணக்கு வேறாக வரலாம்.

உங்கள் பகுதி அங்கீகாரமில்லாத மனைப்பிரிவாக இருந்து, தெருக்காரர்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தால், வசூலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு டியூப் மட்டம் வைத்துத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் மாநகராட்சியின் குழாய் இருக்கிறதா, இருந்தால் அதன் மேன்ஹோலின் அடிமட்டம் உங்கள் குழாய் முடியும் இடத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இணைப்புக்கு அனுமதி எழுத்தில் வரட்டும், வாய்வார்த்தை கவுன்சிலர் மாறினால் போய்விடும். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் குழாய்க்கு விலை கேட்கப் போங்கள். மாநகராட்சியின் குழாயே இல்லையென்றால், தெருவுக்குள் என்ன போட்டாலும் அது பக்கத்து ஏரியில்தான் முடியும். அப்போது சேர்த்த ஆட்களை வைத்துக்கொண்டு வார்டு அலுவலகத்தில் முதன்மைக் குழாய்க்கு மனு கொடுப்பதுதான் உருப்படியான வேலை.